ஏரிக்கரை ரவுடியும் என் முன்பல்லும்

என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். கழற்றி மாட்டுகிற வகை. எட்டு வருஷமாக யார் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்லிவந்தேன்: மைக் செட் ஒயர் காலைத் தடுக்கியது, ஸ்பீக்கர் பெட்டியில் முகம் மோதியது, பல் போனது. மைக் செட்காரனுக்கு நேரக்கூடிய விபத்துதான் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்தக் கதையை இந்த வருஷம் நானே ஊர் முன்னால் உடைக்க வேண்டியதாகிவிட்டது.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் பழவேற்காட்டைச் சுற்றி மைக் செட் வைப்பவன் நான். எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் பட்டையில் இருக்கிறது. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் குப்பத்துக்குப் பொதுவான ஒலிபெருக்கி உண்டு. அதற்கும் நான்தான் வாய். காற்று பலமாக இருக்கிறது கடலுக்குப் போகாதீர்கள், பத்து மணிக்குக் கூட்டம், யாருடைய ஆடோ காணோம் என்று எல்லாச் செய்திகளும் என் குரலில்தான் வரும். நான் நன்றாகப் பேசுவேன் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது ஒரு வியாதி. எதிரில் நிற்பவர் முகம் தொங்கிப்போனால் எனக்குள் ஏதோ பதறும். அந்த முகத்தைத் தூக்கி நிறுத்த வாய் எதையாவது சொல்லிவிடும். சொன்னது உண்மையா என்று மூளை பிறகுதான் வந்து பார்க்கும்.

என் அக்கா மகள் பாக்ஸர். அவளை நீங்கள் போஸ்டரில் பார்த்திருக்கலாம். முறைத்த கண், மடித்த கை, பின்னால் புயல் மேகம், கீழே கொட்டை எழுத்தில் 'ஏரிக்கரை ரவுடி'. தெருச் சண்டையில் வளர்ந்தவள், பத்து வயதில் மீன் ஏலத்தில் மூன்று ஆண்களை அடித்து விரட்டியவள் என்று சொல்வார்கள்.

ஒருத்தனைக்கூட விரட்டியதில்லை. அவளுக்கு நண்டு என்றால் பயம். தட்டில் வைத்த நண்டுக்கே பயம். அவள் நைனா, அதாவது என் மச்சான், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். ஒரே பெண் என்று உள்ளங்கையில் வைத்து வளர்த்தார். மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் போய்வந்தாள். வேன் வரும் இடம்வரை அக்கா குடை பிடித்துக்கொண்டு போவாள், பெண் கறுத்துவிடுவாளாம். பரதநாட்டியம் வேறு. தெருவில் சண்டை நடந்தால் இவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மூன்று ஆண்களை அடித்தவள் என்ற கதையைப் பெற்றெடுத்தவன் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு மெடல் வாங்கினாள். அதற்காக ஒரு யூடியூப் சேனலிலிருந்து ஒரு பையன் பேட்டி எடுக்க வந்தான். "உங்களுக்கு இவ்ளோ வெறி எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டான். "தினமும் ரெண்டு வேளை பிராக்டீஸ் பண்றேன்" என்றாள் இவள். பையனின் முகம் தொங்கியது. நான் பக்கத்தில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன். என் வேலை நாற்காலியோடு முடிந்திருக்க வேண்டும். "இன்னா தம்பி அவளக் கேக்கற? அவ சொல்ல மாட்டா. பத்து வயசுல ஏலத்துல மூணு பேர மண்ணக் கவ்வ வெச்ச பொண்ணு இது" என்று ஆரம்பித்துவிட்டேன். பையன் முகம் நிமிர்ந்தது. எனக்கும் குஷியாகிவிட்டது. நான்காவதாக ஒருவனை ஏரியில் தள்ளினாள் என்றும் சேர்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது இடையில் பேசக்கூடாது என்று மீஞ்சூர் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கதை என்னைவிட வேகமாக ஓடியது. அதற்குப் பட்டம் வந்தது, போஸ்டர் வந்தது. இந்த வருஷம் சென்னையிலிருந்து தொழில்முறைப் போட்டிக்கு அழைப்பும் வந்தது. அவள் இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடியதெல்லாம் அந்த ஒரு மேடைக்காகத்தான். போட்டிக்கு முன்பு அவள் தெருவைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் திரையில் ஓடும் என்றார்கள். நானும் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் எவனோ ஒரு போட்டோவைக் கண்டுபிடித்தான். பள்ளி ஆண்டு விழா. தலையில் நெத்திச்சுட்டி, காலில் சலங்கை, கன்னத்தில் ரோஸ் பவுடர், கையில் தாமரை முத்திரை. 'இதுதான் உங்க ரவுடியா?' என்று தலைப்பு. ஒரே நாளில் அது எல்லார் போனிலும் இருந்தது. மறுநாள் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து அவளுக்கு போன். படம் எடுக்கும் ஆட்களை ஊருக்கே அனுப்புகிறோம், தெருவில் நாலு பேரை விசாரிப்பார்கள், கதை பொய் என்றால் உங்கள் இடத்துக்கு வேறு பெண் தயாராக இருக்கிறாள் என்றார்கள்.

பயிற்சிக்காகச் சென்னையில் தங்கியிருந்த அவள் எனக்கு போன் செய்தாள். "மாமா, வியாழக்கெழம வராங்களாம்." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் "ஒண்ணியும் பேஜாராவாத, மாமா கீறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

எனக்கிருந்த ஒரே வழி ஊர். நானூறு பேரும் ஒரே மாதிரி 'ஆமா, அடிச்சா' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இது மற்ற ஊரில் நடக்காது, எங்கள் ஊரில் நடக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கி எங்கள் கடலை எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து எங்களைத் தேடிக் கேமராக்கள் வர ஆரம்பித்தன. ஆளுக்கொன்று பேசி, பாதி வாக்கியம் எங்கோ ஓடி, ஊர் இரண்டுபட்டது ஒருமுறை. அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். கேமரா வருகிறது என்றால் முதலில் கூட்டம். என்ன சொல்வது, யார் சொல்வது என்று முடிவாகும். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் தண்டம்.

புதன்கிழமை காலை கோயில் பந்தலில் கூட்டம் கூடியது. நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். ஊர்த் தலைவர் என்னைவிட இரண்டு வயது சிறியவர். பள்ளியில் என் சிலேட்டைத் திருடியவர். ஆனால் பந்தலில் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

"பொண்ணு நம்ம பொண்ணு. அதுல ரெண்டு பேச்சு இல்ல" என்றார். "ஆனா கேமரா முன்னாடி பொய் சொல்ல மாட்டோம். இத்தப் பொய்யினு கண்டுபுடிச்சான்னா, நாளைக்கு நாம கடலப் பத்திச் சொல்றதையும் பொய்யினுதான் சொல்வான்."

"அப்ப உண்மையச் சொல்லிடலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு மேட போச்சு."

"பொய்யும் வேணாம், உண்மையும் வேணாம்னா இன்னாதான்யா பண்ண?"

தலைவர் தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாயையே தொறக்காதீங்க" என்றார். "நல்லதும் சொல்லாத, கெட்டதும் சொல்லாத. கேட்டா திரும்பிக்கினு போ. பொண்ணே வந்து நின்னாலும் அவகிட்டயும் பேச்சு வேணாம். ஒருத்தர் பேசினா எல்லாரும் பேசுவீங்க." பிறகு என்னிடம் திரும்பினார். "முக்கியமா நீ."

அன்று சாயங்காலம் அந்த அறிவிப்பை மைக்கில் சொன்னவனும் நான்தான். நாளை யாரும் எதுவும் பேசக்கூடாது என்று மூன்று தடவை உரக்கப் பேசினேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவர்கள் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். கார் மணலில் இறங்கியதும் ஒரு பெண் முதலில் குதித்தாள். முப்பது வயசிருக்கும், கூர்மையான முகம். படத்தை எடுப்பவள் அவள்தான். பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர். "சார், நீங்கதான அந்த மாமா?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள நான் ரிப்போர்ட் அனுப்பணும். உண்மைனா நல்லது. சந்தேகம்னு நான் ஒரு வார்த்தை எழுதினாக்கூட அவங்க ரிஸ்க் எடுக்க மாட்டாங்க." நான் மறுபடியும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் என்னிடம் ஆடத் தயாராக இருந்த ஒரே உறுப்பு அதுதான்.

தெருவுக்குள் நுழைந்தோம். வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் போஸ்டரைக் காட்டி, "இந்தப் பொண்ணு சின்ன வயசுல எப்படி?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஊசியைக் கீழே வைத்தார்கள், எழுந்தார்கள், வேறு வேறு திசையில் நடந்தார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனார். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் ஒரே சமயத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. இந்தத் தெருவை நான் ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், கடல் இரைவது அத்தனை தெளிவாகக் கேட்டதே இல்லை.

என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தீர்ந்தது, இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கேமராக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கிசுகிசுத்தாள். எனக்கும் கேட்டது.

"பாத்தீங்களா? ஊரே நடுங்குது. பேரச் சொன்னாலே கதவ சாத்துறாங்க. இதையெல்லாம் எடுங்க, ஒண்ணு விடாம எடுங்க."

ஊர் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய் தானாகவே எழுந்து நின்று நடக்க ஆரம்பித்துவிட்டது. தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. அந்தத் துள்ளலை மறைக்க நானும் கொஞ்சம் நடுங்கிக் காட்டினேன். அதற்கு நான் நடிக்கவே தேவையிருக்கவில்லை.

அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா மகள் இறங்கினாள். மீஞ்சூர் வரை ரயிலில் வந்திருக்கிறாள். தோளில் பை, தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவளுக்கு ஊர்க் கூட்டம் தெரியாது. நான் சொல்லவில்லை; சொன்னால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் நேராக இறால் உரிக்கும் பெண்களிடம் போனாள். அதில் ஒருத்தி அவளைத் தூக்கி வளர்த்தவள். ஒவ்வொரு முறையும் இவள் வந்ததும் மீன் நாற்றக் கையோடு கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடி எலும்பும் தோலுமா வந்து நிக்கற" என்பாள்.

"அத்தே" என்றாள் இவள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தே, இன்னா ஆச்சு? என் மேல கோவமா?"

அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். எழுந்து போய்விட்டாள். கேமரா அதையும் எடுத்தது. மற்றவர்களும் எழுந்து போனார்கள். இவள் அந்த இறால் ஓடுகளுக்கு நடுவில் தனியாக நின்றாள். தெரு முழுக்க அவளைத் தெரிந்தவர்கள், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் முகம் தொங்குவதைப் பார்த்தேன். என் வாய் திறந்தது. நல்லவேளையாக அதில் ஒன்றும் வரவில்லை.

படம் எடுக்கும் பெண் உற்சாகமாக வந்தாள். "உங்க மேல ஊருக்கு இவ்ளோ பயமா?"

"பயமா?" என்றாள் இவள். சுற்றிலும் சாத்திய கதவுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மாமாவின் மூஞ்சியைப் படிக்க அவளுக்கு வேறு பாடம் தேவையில்லை. "மாமா, இது உன் வேலையா?"

"தலைவர்தான்…" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "மேடம், என் மேல யாருக்கும் பயம் இல்ல. இந்த ஊர்ல நான் அடிச்சது ஒரே ஒரு ஆள. ஒரே ஒரு அடி. எங்கன்னு காட்டறேன், வாங்க."

கோயிலைப் பார்த்து நடந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கால் பின்னாலேயே போனது, உடம்புதான் போக மறுத்தது. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பேசத்தான் கூடாது, பின்னால் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மைக் அறை வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி ஊர் பின்னால் நின்றது. தலைவர் இருந்தார், மச்சான் இருந்தார், இடுப்பில் கூடையோடு அக்கா இருந்தாள்.

"இங்கதான்" என்றாள் அவள். "யாரன்னு அவரே சொல்வாரு. நான் சொன்னா நீங்க நம்பப் போறதில்ல."

கேமரா என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணாடிக்குள் தலைகீழாக நான் தெரிந்தேன். என்னிடம் எட்டு ஜோக் தயாராக இருந்தது, எண்ணித்தான் சொல்கிறேன். முதல் ஜோக்கைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அக்கா மகள் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பொய் சொன்னால் அவளுக்கு மேடை கிடைத்துவிடும். உண்மை சொன்னால் போய்விடும் என்றுதான் அந்த நிமிஷம் நான் நம்பினேன். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.

பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இத்தத்தான் அடிச்சா" என்றேன். பல் இல்லாததால் வார்த்தைக்கு நடுவில் காற்று போனது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், தெற்குக் காற்று திடீரென்று எழுந்தது. விடியலில் போன போட்டுகள் பத்து மணிக்கே முகத்துவாரத்துக்குள் திரும்பிவிட்டன, மச்சானுடையது தவிர. பன்னிரண்டு ஆனது. மூன்று ஆனது. தேடிப்போன போட்டுகளும் அலைக்குத் தாங்காமல் திரும்பின. நான் இந்த அறையில் மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மண்ணைக் கையால் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி யூனிபார்மோடு மகள் பக்கத்தில். பதினாலு வயசு. இரண்டு முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, செய்தி என் வாயிலிருந்துதானே வரும் என்று.

அந்த முகங்களை என்னால் தாங்க முடியவில்லை. மைக்கைப் போட்டேன். மச்சானின் போட்டு தெரிகிறது, நீலக் கொடி, முகத்துவாரத்துக்கு நேராக வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

ஊரே கரைக்கு ஓடியது. அக்கா வீட்டுக்கு ஓடினாள். மகள் கரைக்கு ஓடினாள். அரைமணி கழித்து அவள் மட்டும் திரும்பி வந்தாள். அறையில் நான் தனியாக இருந்தேன். அழுதுகொண்டே வந்தவள், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, எந்தப் பக்கம் பாத்த?" நான் கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய பக்கம் சுவர் இருந்தது. அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

அவள் அடித்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, குத்தத் தெரியாத பிள்ளை குத்துகிற மாதிரிக் குத்தினாள். என் பல் போனது. அவள் கட்டைவிரல் வீங்கியது.

மறுநாள் காலை மச்சான் பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினார். என்ஜின் நின்று, காற்று தள்ளி, ஆந்திராப் பக்கம் கரை ஏறியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் என் அறிவிப்பை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடியின் நிறம் மாறித் தெரிந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பியது. நான் ஒயர் தடுக்கியது என்றேன். அவள் வேன் கதவில் கை மாட்டிக்கொண்டது என்றாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "மாமா, கட்டவெரல் வீங்காம எப்படி குத்தறது?" எனக்கு எப்படித் தெரியும்? மீஞ்சூரில் ரயில்வே கேட் பக்கம் ஒரு கொட்டகையில் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்து என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கணக்கு டியூஷன் என்று அக்காவிடம் சொன்னேன்.

இவ்வளவையும் காற்றுப் போகப் போகச் சொல்லிமுடித்தேன். ஏலத்தில் மூன்று பேர் என்பது என் புளுகு, ஏரியில் தள்ளப்பட்ட நான்காவது ஆளும் புளுகுதான் என்றும் சொன்னேன்.

கட்டுப்பாட்டை முதலில் உடைத்தது அக்கா.

"டேய்" என்றாள். "அன்னிக்கு நீ கடலப் பாத்தியா, இல்லியா?"

"பாக்கல அக்கா."

"கொடி கலரு மாறித் தெரிஞ்சிச்சுன்ன?"

"கொடியே இல்ல. நான் எழுந்திருக்கவே இல்ல."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நான் ஒல வெச்சேன்டா அன்னிக்கு. ஆளு வந்துட்டாருன்னு வூட்டுக்கு ஓடிப்போயி ஒல வெச்சேன். மூணு வாட்டி கொழம்ப சுட வெச்சேன். விடியற வரிக்கும்." அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மச்சான் என்னைப் பார்க்காமல் அவள் பின்னால் போனார்.

படம் எடுக்கும் பெண் மெதுவாகக் கேட்டாள். "ஏன் சார் அப்படி சொன்னீங்க?"

மிச்சமிருந்த ஏழு ஜோக்கும் வரிசையில் நின்றன. "பயந்துட்டேன்" என்றேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இனிமே பேசலாம்" என்றார் ஊரைப் பார்த்து. கன்னத்தைக் கிள்ளும் அத்தை ஓடிவந்து, மீன் கையோடு அக்கா மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ரவுடிங்கற பேரு?" என்று கேட்டாள் படம் எடுப்பவள்.

"எடுத்துடுங்க மேடம். ஒரு தடவ கோவத்துல அடிச்சேன். அப்புறம் கத்துக்கினு அடிக்கறேன். அவ்ளோதான் என் கத. அதுக்கு மேட இல்லனா பரவால்ல" என்றாள். சொல்லும்போது பரவாயில்லை என்ற முகம் அவளிடம் இல்லை. படம் எடுக்கும் பெண் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பார்த்ததை எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அடுத்த இரண்டு நாள் என் போன் அடிக்கும்போதெல்லாம் நான் தின்பண்டம் திருடியவன் மாதிரி எழுந்து நின்றேன். ஒரு கடன் அட்டை கம்பெனிக்காரரிடம் "எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க சார்" என்று கெஞ்சினேன். அக்கா என்னோடு பேசவில்லை. அவள் வீட்டுப் பக்கம் போனால் முறத்தைத் தட்டும் சத்தம் அதிகமானது. சனிக்கிழமை மத்தியானம் அக்கா மகளிடமிருந்து போன்.

"இடம் இருக்குதாம் மாமா. ஆனா கடேசிப் போட்டி இல்ல. மொதப் போட்டி. படம் இல்ல, பட்டமும் இல்ல."

முதல் போட்டி என்றால் ஆட்கள் வந்து உட்காரும் முன்பு நடப்பது. "ஏறணும், அவ்ளோதான மாமா" என்றாள்.

போட்டியன்று அரங்கத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. மீதியை இழுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். காலியாக எத்தனையோ இடமிருக்க, என்னிடமிருந்து ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். மைக்கில் ஒருவர் மகளின் பெயரைச் சொன்னார், எடையைச் சொன்னார், ஊரைச் சொன்னார். பட்டம் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். அந்த இடைவெளியை நிரப்ப என் நாக்கு துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், இறால் உரிக்கும் பெண்களைப் போல.

மகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேலே ஏறினாள். எதிரில் நின்றவள் இவளைவிட உயரம்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "என்னால பாக்க முடியாதுடா" என்றாள். பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "நீ பாத்துச் சொல்லு."

"சரிக்கா."

"பாத்துட்டுச் சொல்லு."

மணி அடித்தது. எனக்கு மேடை மங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை. முன்னால் வந்தாள், ஒதுங்கினாள், மறுபடியும் முன்னால் வந்தாள். எதிராளியின் இடது கை நீண்டது.

"வாங்கிட்டாக்கா" என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்தும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

"எங்க?"

"மூக்குல."

"ரத்தமா?"

"ஆமா."

அவள் கை காலியாக இருந்த நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "அப்புறம்?"

நான் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"நிக்கறா."